கேள்வி – பதில்: ஐரோப்பாவை இணைத்த கட்சிகளும் தயங்கிய திருச்சபைகளும்

ஐரோப்பிய ஒன்றியம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் மதத்துக்கு என்ன பங்கு என்று கேட்டுப் பலர் எழுதியிருந்தார்கள். மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஷூமான், அடேனவர், டி காஸ்பெரி மூவரும் கத்தோலிக்கர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் ஐரோப்பிய ஒன்றியம் வத்திக்கானின் திட்டம்தானா ஐயா?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மேலூர்

கத்தோலிக்கக் கட்சிகளின் திட்டம் என்று சொன்னால் பெரும்பகுதி சரி. வத்திக்கானின் திட்டம் என்றால் தவறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

முதலில் ஐரோப்பிய இணைப்புக்கு அடித்தளமிட்ட அந்த மூவரைப் பாருங்கள். ராபர்ட் ஷூமான் 1886ல் லக்சம்பர்க்கில் பிறந்தவர். தந்தையின் ஊர் லொரேன். அது அப்போது ஜெர்மனி வசம் இருந்ததால் ஷூமானும் ஜெர்மன் குடிமகனாகவே வளர்ந்து, ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்தார். 1918ல் லொரேன் பிரான்சுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டே அவர் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர், பின்னாளில் பிரான்சின் வெளியுறவு அமைச்சர். அல்சிடே டி காஸ்பெரி 1881ல் பிறந்த திரெந்தினோ பகுதி அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. 1911ல் வியன்னா நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர், பின்னாளில் இத்தாலியின் பிரதமர். கொன்ராட் அடேனவர் கொலோன் நகர மேயராக இருந்தவர், பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர். புராட்டஸ்டன்ட் பிரஷ்யாவின் ஆட்சிக்குள் வாழ்ந்த கத்தோலிக்க ரைன்லாந்துக்காரர். மூவருமே தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்ள முடிந்தது.

இவர்கள் தலைமுறைக்கு ‘தேசிய அரசு’ மீது பெரிய பக்தி இல்லை. அதற்கு அனுபவம்தான் காரணம். 1870களில் ஜெர்மன் பிரதமர் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபைமேல் சட்டங்களை ஏவினார். ஆயர்களும் குருக்களும் சிறை போனார்கள், 1872ல் இயேசு சபையினர் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். இத்தாலி 1870ல் ரோமைப் பிடித்த பிறகு, தேசியத் தேர்தலில் நிற்கவும் வாக்களிக்கவும் கூடாது என்று திருத்தந்தை கத்தோலிக்கர்களைத் தடுத்தார். அந்தத் தடை முழுதாக நீங்க 1919 ஆயிற்று. தன் நாட்டு அரசாலேயே சந்தேகத்துடன் பார்க்கப்பட்ட ஒரு சமூகம், அந்த அரசின் அதிகாரத்தில் ஒரு பங்கை மேலே ஒப்படைக்க அவ்வளவாகத் தயங்காது. கத்தோலிக்கக் கட்சிகளின் ஐரோப்பிய ஆர்வத்துக்கு இறையியலைவிட இந்த நினைவுதான் வலுவான காரணம் என்பது எங்கள் கணிப்பு.

1945க்குப் பிறகு பழைய வலதுசாரிகள் பாசிசத்தோடு சேர்ந்து பெயர் கெட்டுப்போனார்கள். அந்த வெற்றிடத்தில், பெரும்பாலும் கத்தோலிக்க வேர் கொண்ட கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள் வந்து அமர்ந்தன. 1947 முதல் அவற்றின் தலைவர்கள் ஒரு பொது அமைப்பின் பெயரில் வெளிப்படையாகவும், ஜெனீவாவில் பத்திரிகைகளுக்குத் தெரியாமலும் சந்தித்தார்கள். போர் முடிந்த சில ஆண்டுகளில் பிரெஞ்சுத் தலைவரும் ஜெர்மன் தலைவரும் ஒரே அறையில் இருந்து பேச, ஒரே குடும்பக் கட்சிகள் என்ற உறவு தேவைப்பட்டது. பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒரே பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர முன்மொழிந்த 1950 மே 9 அறிவிப்புக்கு முன்பே, ஷூமான் ரகசியமாக மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகருக்குக் கடிதத்துடன் ஆள் அனுப்பி அடேனவரின் சம்மதத்தை வாங்கிவிட்டார். முன்பின் பழகாதவரிடம் அப்படி ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்ப முடியாது.

1951 ஏப்ரல் 18ல் பாரிசில், இன்றைய ஒன்றியத்தின் முதல் படியான நிலக்கரி–எஃகுச் சமூக ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆறு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களில் நால்வர் கிறிஸ்தவ ஜனநாயகக் குடும்பத்தினர்: ஷூமான், அடேனவர், பெல்ஜியத்தின் வான் சேலண்ட், லக்சம்பர்க்கின் ஜோசப் பெக். இத்தாலியின் ஸ்போர்சா குடியரசுக் கட்சிக்காரர், நெதர்லாந்தின் ஸ்டிக்கர் லிபரல்.

மறுபக்கமும் உண்டு. அறிவிப்பின் வரைவை எழுதிய ழான் மொனே எந்தக் கத்தோலிக்கக் கட்சியிலும் இல்லை. பெல்ஜியத்தின் ஸ்பாக் சோஷலிஸ்ட். 1941ல் வெந்தோதேனே தீவில் சிறைப்பட்டிருந்தபடியே ஐரோப்பியக் கூட்டாட்சிக்கு அறிக்கை எழுதிய ஸ்பினெல்லி முன்னாள் கம்யூனிஸ்ட். அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவிப் பணமும், சோவியத் பயமும், ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரியும் இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. கிறிஸ்தவ ஜனநாயகர்களின் வாக்கு மட்டும் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்தது: பொது ராணுவத்துக்கான ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தத்தை 1954 ஆகஸ்ட் 30ல் பிரெஞ்சு நாடாளுமன்றமே தள்ளிவிட்டது. அதற்காக உழைத்த டி காஸ்பெரி அதற்குச் சில நாள் முன்புதான் இறந்திருந்தார்.

புராட்டஸ்டன்ட் நாடுகள் மட்டும் ஏன் எட்டியே நின்றன?
– இளங்கலை மாணவி, கருமாத்தூர்

16ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்க வேண்டும். 1534ல் இங்கிலாந்து மன்னர் தன்னையே திருச்சபையின் தலைவராக அறிவித்துக்கொண்டார். டென்மார்க், ஸ்வீடன், நார்வே நாடுகளிலும் லூத்தரன் சபை அரசோடு சேர்ந்தே வளர்ந்தது. ஸ்வீடனில் சபையும் அரசும் பிரிந்தது 2000ஆம் ஆண்டில்தான். பைபிள் தாய்மொழியில், சபை தேசத்துக்குள், தலைமை மன்னரிடம். வெளியிலிருந்து ஒரு அதிகாரம் கட்டளையிடுவது என்றாலே அங்கே திருத்தந்தையின் பழைய ரோம் நினைவுக்கு வந்தது. கோயிலுக்குப் போகிற பழக்கம் குறைந்த பிறகும் அந்த நினைவு பள்ளிப் பாடத்திலும் தேச வரலாற்றிலும் தங்கிவிட்டது.

வாக்கு எண்ணிக்கையில் இது தெரிகிறது. இணைவதா என்ற வாக்கெடுப்பில் நார்வே 1972ல் 53.5 சதவீதத்திலும் 1994ல் 52.2 சதவீதத்திலும் ‘வேண்டாம்’ என்றது. கவனியுங்கள், அங்கே இருக்கும் கிறிஸ்தவ மக்கள் கட்சி லூத்தரன் பக்தி இயக்கங்களில் வேர்விட்டது. 1994ல் அது இணைப்பை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. பெயரில் ‘கிறிஸ்தவ’ என்று இருந்தாலே ஐரோப்பிய ஆதரவு என்று முடிவுகட்டக் கூடாது. டென்மார்க் 1992 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 சதவீதத்தில் நிராகரித்து, விலக்குகள் பெற்று அடுத்த ஆண்டு ஏற்றது. 2000ல் யூரோ நாணயத்தை மறுத்தது. ஸ்வீடன் 2003ல் அதையே செய்தது.

ஜெர்மனிக்குள்ளேயே இந்தப் பிளவு இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாடு இரண்டானபோது கிழக்குப் பகுதியில் பெரும்பான்மையினர் புராட்டஸ்டன்ட்கள். மேற்கு ஐரோப்பாவோடு அடேனவர் நெருங்க நெருங்க, கிழக்கைக் கைகழுவுகிறார் என்ற அச்சம் புராட்டஸ்டன்ட் தலைவர்களிடம் வளர்ந்தது. மேற்கு ஜெர்மனி வத்திக்கானில் கருவாகி வாஷிங்டனில் பிறந்த பிள்ளை என்று போதகர் மார்ட்டின் நீமோலர் கடுமையாகச் சாடினார். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் கூர்ட் ஷூமாகர் ஆறு நாடுகளின் சிறிய ஐரோப்பாவை மதகுருத்தனம், பழமைவாதம், முதலாளித்துவம், கார்ட்டெல் (போட்டியைத் தவிர்க்கும் நிறுவனக் கூட்டு) என்ற நான்கின் கூட்டாகப் பார்த்தார். 1950ல் மேற்கு ஜெர்மனிக்கு மீண்டும் ராணுவம் அமைப்பதை எதிர்த்து அடேனவரின் அமைச்சரவையிலிருந்து விலகிய குஸ்தாவ் ஹைனமன் புராட்டஸ்டன்ட் சபையின் முக்கியப் பொறுப்பில் இருந்தவர்.

கடும் எதிர்ப்பின் உச்சம் 1988 அக்டோபரில். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பேசிக்கொண்டிருக்கும்போது, வட அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் போதகரும் அந்த அவையின் உறுப்பினருமான இயன் பெய்ஸ்லி எழுந்து அவரை அந்திக்கிறிஸ்து என்று கத்தினார். அவையிலிருந்து அவரை அப்புறப்படுத்தினார்கள்.

இனி விதிவிலக்குகள். லூத்தரன் பின்லாந்து 1995ல் சேர்ந்து, 1999ல் யூரோவின் முதல் வரிசையிலேயே நின்றது. ரஷ்யாவோடு நீண்ட எல்லை உள்ள நாடு வேறு கணக்குப் போட்டது. எஸ்தோனியா, லாத்வியா இரண்டுக்கும் அதே கணக்கு. எதிர்த்திசையில், கத்தோலிக்க அயர்லாந்து ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய நீஸ் ஒப்பந்தத்தை 2001லும் லிஸ்பன் ஒப்பந்தத்தை 2008லும் முதல் வாக்கெடுப்பில் தோற்கடித்தது. புராட்டஸ்டன்ட் என்றாலே பிரிந்து நிற்கும் குணம் என்று நம் ஊரில் யாரும் சொல்லிவிட முடியாது: ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டீரியன் சபைகள் சேர்ந்து 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை ஆனது இங்கேதான். அரசோடு கட்டுண்ட சபைக்கும் அரசு ஆதரவு இல்லாத சபைக்கும் உள்ள வித்தியாசத்தை இதில் பார்க்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியக் கொடியில் உள்ள 12 நட்சத்திரங்கள் மரியன்னையின் மகுடம் என்கிறார்களே?
– வாசகி, கீழவாசல், மதுரை

வடிவமைப்பில் பங்கேற்ற ஆர்சேன் ஹைட்ஸ் பிற்காலத்தில் அப்படிச் சொன்னார். அந்தக் கொடியை முதலில் ஏற்றது ஒன்றியத்திலிருந்து வேறான ஐரோப்பா கவுன்சில் என்ற அமைப்பு; ஏற்ற நாளும் 1955 டிசம்பர் 8, மரியன்னையின் அமல உற்பவத் திருநாள். ஆனால் அதிகாரபூர்வ விளக்கத்தில் 12 என்பது முழுமையின் எண், அவ்வளவே. உறுப்பு நாடுகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

‘சப்சிடியாரிட்டி’ என்ற கொள்கை திருச்சபையிலிருந்து ஒப்பந்தத்துக்குப் போனது என்கிறார்கள். அது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது?
– முன்னாள் ஊராட்சித் தலைவர், சோழவந்தான்

உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்லலாம். கண்மாய் மடையை எப்போது திறப்பது என்பதை ஊர் முடிவு செய்ய வேண்டும். வைகை அணையிலிருந்து எந்தப் பகுதிக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதை ஊர் முடிவு செய்ய முடியாது. கீழே முடிகிற வேலையை மேலே இழுக்காதே, கீழே முடியாததை மேலே உள்ளவன் தட்டிக்கழிக்காதே. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931ல் வெளியிட்ட சுற்றுமடல் இதைத்தான் கொள்கையாக வகுத்தது. முசோலினியின் அரசு எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. குடும்பம், தொழிற்சங்கம், உள்ளூர்ச் சங்கம் ஆகியவற்றைக் காப்பதுதான் அன்றைய நோக்கம்.

1992 பிப்ரவரி 7ல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் இது நுழைந்தது. இன்று ஒன்றிய ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில் இருக்கிறது. அப்போது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ழாக் தெலோர் கத்தோலிக்கத் தொழிற்சங்கத்தில் பயின்ற சோஷலிஸ்ட். பிரிட்டன் இதை ஒன்றியத் தலைமையகமான பிரசெல்சின் கையைக் கட்டும் கயிறாக வரவேற்றது, ஜெர்மன் மாநிலங்கள் தங்கள் அதிகாரத்துக்குக் காவலாக வரவேற்றன. ஒவ்வொருவரும் வேறொன்றை எண்ணி ஒரே வாக்கியத்தில் கையெழுத்திட்டார்கள்.

நடைமுறை இப்படி. ஆணையம் ஒரு சட்ட முன்வரைவை அனுப்பினால், தேசிய நாடாளுமன்றங்களுக்கு 8 வாரம் அவகாசம். ஒவ்வொரு நாட்டுக்கும் 2 வாக்கு; இரு அவைகள் இருந்தால் அவைக்கு ஒன்று. 27 நாடுகளுக்கு மொத்தம் 54. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 18 வாக்கு, இந்தக் கொள்கை மீறப்படுகிறது என்று காரணத்துடன் எழுதினால் அது ‘மஞ்சள் அட்டை’. காவல்துறை ஒத்துழைப்பு, குற்றவியல் நீதி தொடர்பான வரைவுகளுக்கு நான்கில் ஒரு பங்கே போதும், 14 வாக்கு. ஆணையம் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். ஆனால் காரணம் சொல்லிவிட்டு அப்படியே தொடரவும் செய்யலாம். பாதிக்கு மேல் வாக்கு வந்தால் ‘ஆரஞ்சு அட்டை’. அப்போது உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் கவுன்சிலுக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் அந்த வரைவை நிறுத்தும் வழி திறக்கிறது.

மஞ்சள் அட்டை முதலில் வந்தது 2012ல், வேலைநிறுத்த உரிமை பற்றிய வரைவுக்கு. ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது, ஆனால் மீறல் நடந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. 2013ல் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் பற்றிய வரைவுக்கு வந்தது. அது தொடர்ந்து, விரும்பிய நாடுகளை மட்டும் வைத்து 2021 ஜூனில் வேலையைத் தொடங்கியது. 2016ல் வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளர் பற்றிய வரைவுக்கு வந்தது, அதுவும் தொடர்ந்தது.

எங்கே சிக்கல்? 8 வாரத்துக்குள் குழு கூடி, அறிக்கை எழுதி, அவை வாக்களிப்பது பல நாடாளுமன்றங்களுக்கு ஆவதில்லை. ஒரு நாட்டு அவை என்ன நினைக்கிறது என்று அடுத்த நாட்டு அவைக்குத் தாமதமாகவே தெரிகிறது. சட்டம் நல்லதா கெட்டதா என்று பேச அனுமதி இல்லை. எந்த மட்டத்தில் செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி. அதனால் உள்ளடக்கத்தின் மீதான கோபத்தை இந்தச் சட்டையை மாட்டி அனுப்புகிறார்கள், அது எடுபடுவதில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, ஒப்பந்தம் ஒன்றியம், நாடு, மாநிலம், ஊர் என்ற அரசுப் படிகளோடு நின்றுவிட்டது. 1931ல் பேசப்பட்ட குடும்பமும் சங்கமும் அதில் இல்லை. கீழே உள்ளவருக்குக் கைகொடுக்கும் கடமை என்ற பாதியும் மங்கிவிட்டது. எங்களுக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

ஐரோப்பிய அரசியல் சட்டத்தில் கடவுள் பெயர் வேண்டும் என்று நடந்த சண்டை எப்படி முடிந்தது?
– வழக்கறிஞர், மதுரை

2003–04ல் போலந்து, இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகள் முகப்புரையில் கிறிஸ்தவப் பாரம்பரியத்தைக் குறிப்பிட வலியுறுத்தின. பிரான்சும் பெல்ஜியமும் மறுத்தன. கடைசியில் “பண்பாட்டு, மத, மனிதநேயப் பாரம்பரியம்” என்று பொதுவாக எழுதினார்கள். அந்த அரசியல் சட்ட ஒப்பந்தம் 2005ல் பிரான்சிலும் நெதர்லாந்திலும் வாக்கெடுப்பில் தோற்றது. வாசகம் மட்டும் பிழைத்து லிஸ்பன் ஒப்பந்தத்தில் ஏறி, 2009 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

வழக்கறிஞராகிய உங்களுக்கு முகப்புரையைவிட, ஒன்றியத்தின் செயல்பாடு பற்றிய ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு பயன்படும். தேசியச் சட்டப்படி திருச்சபைகளுக்கு உள்ள நிலையை ஒன்றியம் மதிக்கும். சமயம் சாராத தத்துவ அமைப்புகளுக்கும் அதே மதிப்பு. இரு தரப்புடனும் வெளிப்படையான, ஒழுங்கான உரையாடல் நடத்தும். சண்டையில் தோற்றதாக எண்ணிய திருச்சபைகளுக்குக் கையில் கிடைத்த உருப்படியான பலன் இது. தனித்தனிப் பாதுகாப்புகளும் உண்டு: கருக்கலைப்புச் சட்டத்தை ஒன்றியச் சட்டம் தொடாது என்று அயர்லாந்து மாஸ்ட்ரிக்டின்போதும், மால்டா சேர்க்கையின்போதும் நெறிமுறை எழுதி வாங்கின.

ஆர்த்தடாக்ஸ் நாடுகளும் துருக்கியும் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன?
– அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர், திண்டுக்கல்

1981ல் கிரீஸ்தான் முதல் ஆர்த்தடாக்ஸ் நாடு. பெண்கள் நுழையக் கூடாத ஆத்தோஸ் மலை மடங்களின் தனி நிலையை அங்கீகரிக்கும் கூட்டு அறிவிப்பு அதன் சேர்க்கை ஆவணத்தோடு இணைக்கப்பட்டது. ஆர்த்தடாக்ஸ் சபையும் தேசத்தோடு ஒட்டியது, ஆனால் அதன் எதிர்ப்பு உறுப்பினராவதற்கு எதிராக அதிகம் திரும்பவில்லை; உள்ளே வந்த பிறகு அடையாளம் கரைகிறது என்றே புகார். 2000ல் அடையாள அட்டையிலிருந்து மதக் குறிப்பை நீக்கியபோது ஏதென்ஸ் பேராயர் கிறிஸ்தோதூலோஸ் நடத்திய போராட்டத்தில் சுமார் 30 லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன.

துருக்கி 1987ல் விண்ணப்பித்தது. பேச்சுவார்த்தை 2005 அக்டோபரில்தான் தொடங்கியது. அங்குள்ள இஸ்லாமியக் கட்சித் தலைவர் எர்பகான் ஐரோப்பாவைக் ‘கிறிஸ்தவ கிளப்’ என்று அழைத்தார். ஜெர்மன் கிறிஸ்தவ ஜனநாயகர்கள் முழு உறுப்பினர் இடத்துக்குப் பதில் ‘சலுகைக் கூட்டாளி’ நிலையை முன்வைத்தார்கள். மனித உரிமையும் சைப்ரஸ் பிரச்சினையும் பேச்சை நிறுத்தப் போதுமானவையே. மதம் மட்டுமே காரணம் என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் குறையும்.

கிறிஸ்தவ ஜனநாயகம் இன்றும் ஐரோப்பிய இணைப்பின் பக்கம்தானா?
– கூட்டுறவு வங்கி ஊழியர், உசிலம்பட்டி

பெயரளவில் ஆம். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகளின் கூட்டணியாக 1976ல் உருவான ஐரோப்பிய மக்கள் கட்சி 1999 முதல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய குழு. ஆனால் பிரிட்டிஷ் கன்சர்வேட்டிவ்களையும் கிழக்கின் தேசியக் கட்சிகளையும் உள்ளே சேர்த்து எண்ணிக்கையைப் பெருக்கியதில், ஷூமானின் வழி நீர்த்துப்போனது. கால்வின் சபையைச் சேர்ந்த ஹங்கேரியின் விக்டர் ஓர்பான், தேசிய எல்லையைக் காப்பதையே ‘கிறிஸ்தவ ஜனநாயகம்’ என்கிறார். அவரது ஃபிதெஸ் கட்சி 2021 மார்ச்சில் மக்கள் கட்சியை விட்டு வெளியேறியது. போலந்தில் 2003ல், முன்பு போலந்தும் லித்துவேனியாவும் இணைந்ததை நினைவூட்டி, “லூப்ளின் ஒன்றியத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு” என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தம் நாட்டவருக்கு வழிகாட்டினார், இணைவதற்கான வாக்கெடுப்பில் 77 சதவீதத்தினர் ஆதரித்தார்கள்; அதே கத்தோலிக்க மக்களிடையே ரேடியோ மரியா என்ற கத்தோலிக்க வானொலியின் வட்டாரம் ஒன்றியத்தைச் சந்தேகித்தே பேசியது. ஒரே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறவர்கள்தான் இரு பக்கமும்.

மதப் பிரிவு ஐரோப்பிய ஆதரவைப் பாதிக்கிறதா என்று ஆய்வு செய்ய விரும்புகிறேன். இங்கிருந்தபடியே தரவு கிடைக்குமா? எங்கே தவறு நேரும்?
– ஆய்வு மாணவர், நாகமலை புதுக்கோட்டை

கிடைக்கும், பணமும் வேண்டாம். 2002 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஐரோப்பியச் சமூகக் கணக்கெடுப்பில் தொடங்குங்கள். பெயரும் மின்னஞ்சலும் பதிந்தால் கோப்பு இறங்கும். ஐரோப்பிய இணைப்பு எல்லை மீறிவிட்டதா, இன்னும் போக வேண்டுமா என்று 0 முதல் 10 வரை அளக்கும் கேள்வி பெரும்பாலான சுற்றுகளில் உண்டு. 1970களிலிருந்து நீண்ட வரிசை வேண்டுமென்றால், ஐரோப்பிய ஆணையம் நடத்தும் யூரோபாரோமீட்டர் கருத்துக்கணிப்பு. ஜெர்மனியின் கேசிஸ் காப்பகத்தில் எடுக்கலாம். அதில் மதக் கேள்வி எல்லா ஆண்டிலும் இல்லை. தலைப்பை உறுதிசெய்யும் முன் எந்தெந்த ஆண்டில் இருக்கிறது என்று பட்டியல் போட்டுவிடுங்கள். இதைச் செய்யாமல் பாதியில் தலைப்பை மாற்றும் நிலை வரக் கூடாது. கட்சிகளின் நிலைப்பாட்டுக்கு, தேர்தல் அறிக்கைகளைக் குறியீடு போட்டுத் தொகுக்கும் மேனிஃபெஸ்டோ திட்டம் இருக்கிறது. அதில் 108 ஐரோப்பிய ஆதரவுக்கும் 110 எதிர்ப்புக்கும் உரிய குறியீடுகள். பழைய ஆவணங்களுக்கு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஐரோப்பிய ஒருங்கிணைப்புக் காப்பகம் இணையத்தில் திறந்தே உள்ளது.

மதப் பிரிவு வேறு, வழிபாட்டுக்குப் போகும் அடிக்கடித்தன்மை வேறு. இரண்டையும் தனித்தனி மாறிகளாக வைத்து, பிறகு இரண்டின் பெருக்கலையும் ஒரு மாறியாகச் சேர்த்துப் பாருங்கள். வாரந்தோறும் பூசைக்குப் போகும் கத்தோலிக்கரும் ஞானஸ்நானத்தோடு நின்றவரும் ஒரே பெட்டியில் விழுந்தால் விளைவு மங்கிவிடும். வயது, படிப்பு, ஊர்–நகரம், இடது–வலது நிலை இவற்றைச் சேர்க்காவிட்டால், முதியவர்களின் கருத்தை மதத்தின் கருத்து என்று எழுதிவிடுவீர்கள்.

அடிக்கடி நடக்கும் பெரிய பிழை, இத்தாலியின் சராசரியை ஸ்வீடனின் சராசரியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மதத்தின் கணக்கில் எழுதுவது. இரு நாடுகளும் இன்னும் நூறு விதங்களில் வேறுபட்டவை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் கலந்து வாழும் ஜெர்மனி, நெதர்லாந்து, ஹங்கேரி, லாத்வியா இவற்றுக்குள்ளேயே இரு பிரிவினரையும் ஒப்பிடுங்கள். நாட்டின் தாக்கம் இருவருக்கும் பொது என்பதால் கழிந்துவிடும். ஜெர்மனியில் கிழக்கையும் மேற்கையும் பிரித்தே ஓட்டுங்கள், கிழக்கில் பெரும்பாலோர் எந்தச் சபையிலும் இல்லாதவர்கள். கணக்கெடுப்போடு வரும், மக்கள்தொகைக்கு ஏற்ப விடைகளைச் சரிசெய்யும் எடைகளை மறக்காமல் பயன்படுத்துங்கள். 2000க்குப் பிந்தைய தரவில் மதத்தின் விளைவு சிறிதாகவே வரும். அதைப் பெரிதாக்கிக் காட்டப் புள்ளியியல் கணக்கைத் திருகாமல், 1970களின் யூரோபாரோமீட்டரோடு அருகில் வைத்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டினாலே ஆய்வுக்குப் பொருள் கிடைத்துவிடும்.